மால்டாவில் ஒரு சார்ட்டர் விமானி

மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலிலுள்ள இந்தச் சிறிய தீவு நாடு 2010இல் விமானப் பதிவுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அதன் பிறகு விஸ்டாஜெட் போன்ற சார்ட்டர் நிறுவனங்கள், அதாவது விமானத்தை முழுதாக வாடகைக்கு விடும் நிறுவனங்கள், தங்கள் ஜெட்களை இங்கே பதிவு செய்யத் தொடங்கின. பாரிஸின் லெ பூர்ஜே, லண்டனுக்கு அருகிலுள்ள ஃபார்ன்பரோ என்று தனியார் ஜெட்கள் கூடும் எந்த நிலையத்திலும் ‘9எச்’ என்று தொடங்கும் மால்டா பதிவு எண்களை இன்று சாதாரணமாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரு விமானத்தை ஓட்டும் வேலைக்காகத்தான் மனைவி, மகளோடு திருச்சியை விட்டு இங்கே குடிவந்தேன்.

அதற்கு முன் இந்தியாவில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டினேன். கேப்டன் பதவியில் இருப்பவர் வேலையை விடுவதற்கு ஓராண்டு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது 2017இல் வந்த விதி. அந்த ஓராண்டைப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டேன். இந்திய உரிமத்தை ஐரோப்பா அப்படியே ஏற்பதில்லை. வானிலை, விமானச் சட்டம், வழிகாண் முறை என்று 13 பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. அதன்பின் மருத்துவச் சோதனை, பறக்கும் தேர்வு. பல்லாயிரம் மணி நேரம் பறந்தவரும் மாணவரைப்போல் உட்கார்ந்து படித்தாக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. “நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு போன பிள்ளை, இப்போது எட்டுப் பேருக்காகக் கடல் தாண்டிப் போக வேண்டுமா தம்பி?” என்று கேட்டார். எட்டுப் பேரைச் சுமப்பதில் இருக்கும் பாரம் வேறு வகையானது என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு விளக்க முடிந்தது.

பெரிய விமான நிறுவனத்தில் விமானிக்குப் பின்னால் ஒரு படையே நிற்கும். எடைக் கணக்கை ஒருவர் போடுவார், பெட்டிகளை இன்னொருவர் ஏற்றுவார், பயணிக்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள் இருப்பார்கள். சார்ட்டரில் அலுவலகம் தொலைபேசியில் துணை நிற்கும். விமானத்தருகே இருப்பது நாங்கள் சிலர்தான். பெட்டிகளை நாங்களே அடுக்குகிறோம், உணவு வந்துவிட்டதா என்று பார்க்கிறோம், எரிபொருள் வண்டியை அழைக்கிறோம். கான் திரைப்பட விழா, மொனாக்கோ கார் பந்தயம் போன்றவை நெருங்கி வந்தால், பக்கத்திலுள்ள நீஸ் நகரில் விமானத்தை நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு.

இவையெல்லாம் பழகிவிடும். பயணியின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்வதுதான் கடினம். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குக்குப் பேர்போன செயின்ட் மோரிட்ஸ் செல்பவர்கள் இறங்கும் சமேடன் நிலையம் 1,707 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே இறங்கத் தனிப் பயிற்சி வேண்டும், பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவும் வேண்டும். ஒரு குளிர்காலத்தில் மேகம் இறங்கிவிட்டதால் சூரிச்சில் போய் இறங்கினோம். அங்கிருந்து சாலைவழியே ஏறத்தாழ மூன்று மணி நேரம். பயணி கோபத்தில் என்னோடு பேசவே இல்லை. நிறுவனம் என் பக்கம் நின்றது. அதனால்தான் இன்றும் இந்த வேலையில் இருக்கிறேன்.

2001 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் ஒரு சார்ட்டர் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாத நிலையில், அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கும் கீழே விமானிகள் இறங்கியிருந்தார்கள். எப்படியாவது அங்கே இறங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்பிலிருந்து கேப்டன் மீது விழுந்த அழுத்தத்தையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். “மறுத்த விமானிக்கு இங்கே என்ன நடந்தது?” என்பதுதான் நேர்காணலில் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. சம்பளப் பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

குடியேறும் வேலை முழுவதையும் சுமந்தவள் என் மனைவி. நான் நாட்கணக்கில் வெளியே இருப்பேன். இன்று ஜெனிவா என்றால் நாளை எங்கே என்பது இரவில்தான் தெரியும். தங்கும் அனுமதிக்கான வரிசை, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை எல்லாம் அவள் தனியாக முடித்தவை. இங்கே வீடுகள் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. கோடைக்கு இதம், குளிர்காலத்திலோ சுவரெல்லாம் ஈரம் ஊறி, வெளியைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம். திருச்சி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீவின் ஜனவரி பெரிய சோதனை. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கிய பிறகே மகளின் இருமல் நின்றது. மருத்துவமனையில் பணிபுரியும் கேரளத்துச் செவிலியர் ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். கறிவேப்பிலை கிடைக்கும் கடையைக் காட்டியவரும் அவரே. மகள் பள்ளியில் மால்டீஸ் மொழி படிக்கிறாள். கோடையில் ஊருக்கு ஊர் தேவாலயத் திருவிழா. புனிதரின் சிலையைத் தோளில் தூக்கி வரும்போது பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் அவளும் ஓடுகிறாள்.

விடுப்பு தொடங்கினால் நான் முழுவதுமாக வீட்டில் இருக்கிறேன். ஏ320 காலத்தில் பெரும்பாலும் தினமும் வீடு திரும்பினேன், ஆனால் மகள் விழித்திருக்கும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இப்போது பள்ளிக்கு அழைத்துப் போவது, சமைப்பது எல்லாம் விடுப்பு நாட்களில் என் பொறுப்பு. மனைவி அப்போதுதான் மூச்சு விடுகிறாள்.

இந்தியாவிலிருந்து இளைய விமானிகள் அழைத்து விசாரிக்கிறார்கள். ஒப்பந்தத்தைத் துணைவரோடு உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்கிறேன். பணி முடிந்து வீடு திரும்பும் நாள் பணிக் கணக்கிலா, விடுப்புக் கணக்கிலா? விடுப்பில் இருப்பவரை நிறுவனம் திரும்ப அழைக்கலாமா? இங்கே தங்கும் அனுமதி வேலை தரும் நிறுவனத்தோடு பிணைந்தது; வேலை போனால் குடும்பத்துக்கு எத்தனை நாள் அவகாசம்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ராஜினாமா கடிதத்தைக் கொடுங்கள்.