மலைக்காக ஒரு சுற்று, சுரங்கத்துக்காக ஒரு சுற்று

மூட் கோர்ட்டுக்கு, அதாவது சட்ட மாணவர்கள் ஒரு கற்பனை வழக்கில் இரு தரப்புக்காகவும் மாறி மாறி வாதாடும் போட்டிக்கு, பெயர் கொடுத்திருக்கும் ஜூனியர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் மனசு எந்தத் தரப்புக்கு எதிராக இருக்கிறதோ, அந்தத் தரப்பின் மெமோரியலை (எழுத்து வாதத்தை) முதலில் எழுதுங்கள். சேலத்தில் நடந்த போட்டியில் எங்கள் டீமைக் காப்பாற்றியது அதுதான்.

டீம் என்றால் மூன்று பேர். நானும் ஒரு சீனியர் அக்காவும் வாதாட, ஒரு தம்பி ரிசர்ச்சர். வழக்கு ஒரு கற்பனை மாநிலத்தில் நடக்கிறது: மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது), தனியார் கம்பெனிக்கு அரசு கொடுத்த சுரங்கக் குத்தகை, அதை எதிர்த்து ரிட் மனு போடும் பழங்குடி கிராமம். படித்து முடித்ததும் அக்கா, "இது எங்க ஊர் கதைப்பா" என்றார். அவர் ஏற்காட்டுக்கு மேலே மலையாளி என்ற பழங்குடியினர் வாழும் ஒரு கிராமத்துக்காரர். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்.

மனுதாரர் மெமோரியல் தானாக ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். 1997 சமதா தீர்ப்பு இருக்கிறதே, பழங்குடியினர் பகுதியில் அரசு நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே! ஆனால் நாங்கள் அரசுத் தரப்பிலிருந்து ஆரம்பித்ததால் அந்தத் தீர்ப்பை உடைக்கத்தான் முதலில் உட்கார்ந்தோம். உடைத்தது அக்காதான். சமதா பேசுவது ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளைப் பற்றி, அதாவது பழங்குடியினரின் பாதுகாப்புக்காக அரசியலமைப்பின் அந்த அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளைப் பற்றி. வழக்கில் உள்ள மலை அப்படி அறிவிக்கப்பட்டதே இல்லை. தமிழ்நாட்டிலும் அதே நிலைதான், இங்கே பழங்குடியினர் இருக்கிறார்கள், ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூடக் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் மனுதாரர் வாதத்தை அடியிலிருந்து மாற்றினோம். காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் 2006 வன உரிமைச் சட்டத்துக்கு அட்டவணைப் பகுதி என்ற நிபந்தனை கிடையாது. உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை யாரையும் காட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). அந்த வேலையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபையிடம் இருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் பற்றிய 2013 வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட, 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

முதல் சுற்றில் நாங்கள் மனுதாரர். நான் எழுந்து ஒரு பத்திகூடப் பேசியிருக்க மாட்டேன், பெஞ்சில் இருந்த மூத்த வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கவுன்சல், சமதா இந்த மலைக்குப் பொருந்துமா?" என்றார். "நேரடியாகப் பொருந்தாது மை லார்ட், அதை நாங்கள் அடிப்படையாக வைக்கவும் இல்லை" என்றேன். அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அடுத்த சுற்றில் நாங்கள் அரசுத் தரப்பு, அக்காதான் முதலில் பேச வேண்டும். வேண்டுமானால் நான் பேசுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். 1996 வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கை எதிரணி சுற்றுச்சூழலுக்காகக் காட்ட, அக்கா அதே தீர்ப்பில் நீடித்த வளர்ச்சி பற்றி வரும் பகுதியை எடுத்து, வளர்ச்சியும் சூழலும் சேர்ந்தே போக வேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறது என்று கேட்டார். குரல் நடுங்கவே இல்லை. கிராமத்து ஆட்கள் நாளைக்கு எந்த வாதத்தை எதிர்கொள்ளப் போகிறார்கள் என்பதை அவரைவிட நன்றாக அந்த அறையில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

அரையிறுதியில் வெளியேறினோம், சரி. ஆனால் அந்த மெமோரியலில் வன உரிமைச் சட்டப் பகுதியை மட்டும் எளிய தமிழில் எழுதித் தரும்படி அக்கா கேட்டிருக்கிறார், ஊரில் கிராம சபைக்குக் கொண்டுபோக. தனிநபர் உரிமை பற்றிய பகுதி முடிந்துவிட்டது, காட்டை ஊரே சேர்ந்து காத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமையைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான்.