மரவள்ளியைக் கடித்தது மானா, முயலா?

சேர்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி, நிலக்கடலை போட்டிருப்பவர்கள் முதலில் கடிவாயைப் பாருங்கள். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தால் முயல். நார்நாராகக் கிழிந்திருந்தால் மான். மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, பிடித்து இழுத்துத்தான் தின்னும். (ஆடு மாடும் அப்படியே. குளம்புத் தடத்தையும் பார்த்துவிடுங்கள்.)

வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டினால் மான் வராது என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் சில நாள் தயங்கும், பிறகு பழகிவிடும். கம்பிவலை என்றால் 8 அடி உயரம் வேண்டும். அதைவிட முக்கியம் அடிப்பக்கம். அங்கே அரை அடிக்கு மேல் சந்து இருந்தால் தாண்டவே மெனக்கெடாது, நுழைந்துவிடும். பள்ளமான இடங்களில் கல் அடுக்குங்கள். வீட்டுக் கரண்டை நேராக வேலியில் விடுவது குற்றம், ஆளே செத்துப்போவார்கள்.

மான் பெருகினால் காட்டுக்கும் கேடுதான். அந்தமானில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், வேட்டையாட விலங்கு இல்லாமல் பெருகி, முளைத்துவரும் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. இங்கே காட்டில் மானால் ஆகும் சேதத்தை அளக்க, வனத்துறை அனுமதியோடு 10 மீட்டர் சதுரத்துக்கு வேலியிட்டு, பக்கத்திலேயே அதே அளவைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டிலும் கன்றுகளை எண்ணினால் போதும்.

ஏற்காடு ரோட்டில் மானுக்குப் பிஸ்கட் போடுகிறவர்களே, அது கவரையும் சேர்த்துத்தான் தின்னும்.