1911 கோடையும் புட்டிப்பாலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ‘அர்பன் டிஸ்டிரிக்ட்’ எனப்பட்ட சிறு நகர வட்டாரங்களின் சுகாதார அதிகாரிகள் எழுதிய ஆண்டறிக்கைகளைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியிருந்த ஸ்கார்லெட் காய்ச்சல், டிப்தீரியா, டைபாய்டு ஆகியவற்றைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதும் அதிகாரி, பல ஆண்டுகளில் அவற்றைவிட அதிகக் குழந்தைகளைக் கொன்ற தட்டம்மையையும் கக்குவான் இருமலையும் வயிற்றுப்போக்கையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பெரும்பாலான ஊர்களில் அவை அந்தப் பட்டியலிலேயே இல்லாததால், குழந்தை இறந்து பதிவேட்டில் ஏறிய பிறகுதான் அவருக்குச் செய்தி வந்து சேர்ந்தது.

இவற்றுள் வயிற்றுப்போக்கு கோடையின் நோய். நிலத்தில் 4 அடி ஆழத்தில் வைத்த வெப்பமானி 56 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகே இறப்புகள் வேகமாக ஏறுகின்றன என்று ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் பல்லார்ட் 1880களிலேயே கணித்திருந்தார். மண்ணிலிருந்து ஏதோ கிளம்புகிறது என்பது அவருடைய ஊகம். பின்னால் வந்தவர்களின் சந்தேகம், தெருவில் குவிந்த குதிரைச் சாணத்திலும் வீட்டுக் கழிப்பிடத்திலும் பெருகிப் பால் பாத்திரத்தில் வந்து உட்காரும் ஈக்களின் மேல் திரும்பியது.

அந்தப் பாலைக் கொடுத்த புட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணாடிப் புட்டியிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் ஒன்று புறப்படும். அதன் நுனியில் சூப்பான் இருக்கும். தொட்டிலில் கிடந்தபடியே குழந்தை தானாகக் குடித்துக்கொள்ளும் என்பதால், கைவேலை ஓயாத தாய்மார்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியே இல்லை. அங்கே ஒட்டிய பால் புளித்துக் கட்டிதட்டிப் போகும், அதன் வழியாகவே அடுத்த வேளைப் பாலும் இறங்கும்.

1911 ஆகஸ்டு 9 அன்று லண்டனின் கிரீன்விச்சில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் பிறப்புக்கு 105ஆக இருந்த சிசு மரண விகிதம் அந்த ஆண்டில் 130ஆக எகிறியது. மறு ஆண்டே அது 95ஆக இறங்கியதில் துப்புரவுப் பணிக்கும் தாய்மார்களுக்குச் சொன்ன அறிவுரைகளுக்கும் ஓரளவு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் 1912 ஆகஸ்டு முழுவதும் குளிரும் மழையுமாகக் கழிந்தது என்பதால், பெரும் பங்கை நான் மழைக்கே கொடுப்பேன்.