மஞ்சள் கறையை வெயிலிடம் விட்டுவிடுங்கள்

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தியதும் எல்லோரும் முதலில் தேடுவது துணி சோப்பைத்தான். தேய்த்த மறுகணமே மஞ்சள் கறை செங்கல் நிறமாக மாறும். வீட்டில் ஒரு கூச்சல் எழும். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால், உறவினர் வீட்டு விசேஷங்களில் இப்படி நடந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதே வினைதான் இங்கும் நடக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். துணி சோப்பில் காரம் உண்டு. நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும். நிறம் மாறியதே தவிர, கறை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்துதான் அது நூலுக்குள் இறங்குகிறது. ஆகவே முதலில் எண்ணெயை எடுங்கள். ஒட்டியிருக்கும் பருப்பைக் கரண்டி விளிம்பால் வழித்துவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறையின்மேல் விட்டு, விரலால் மெல்லத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து அலசினால் போதும். எண்ணெய் போய்விடும், மஞ்சள் நிற்கும். அந்த மஞ்சளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஈரத்தோடு, கறை படிந்த பக்கம் வெயிலைப் பார்க்கும்படி கொடியில் போட்டுவிடுங்கள். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்து நிறமிழந்துவிடும். சித்திரை வெயில் என்றால் பெரும்பாலும் ஒரே பகலில் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கூடுதலாகச் சில நாள் பொறுக்க வேண்டும். வண்ணத் துணியில் மட்டும் கவனம் வேண்டும். கறையோடு சாயத்தையும் வெயில் தின்றுவிடும். பட்டுப் புடவையை இந்த வைத்தியத்துக்கு உட்படுத்தாதீர்கள், சலவை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள் இப்படி இளகிக்கொடுக்கும். வாழைக்கறை இளகாது. நான் பிறந்தது தொட்டியம் பக்கம், வாழைத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தார் வெட்டப் போகும்போது அப்பா உடுத்திய வேட்டியை வேறு துணிகளோடு சேர்த்துத் துவைக்க அம்மா விட்டதே இல்லை. வெட்டியவுடன் வடியும் பால் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்ட பிறகு பழுப்பாகி, பருத்தி நூலோடு நூலாகிவிடும். வாழைக்காயை நறுக்கி மோர் கலந்த நீரில் போடுவது ஏன்? அந்தப் பழுப்பை மோரின் புளிப்பு தாமதப்படுத்துகிறது. துணியில் பட்டால் ஈரம் காய்வதற்குள் தண்ணீரில் முக்குவதுதான் வழி. காய்ந்துவிட்டால், வெள்ளைப் பருத்தியானால் பிளீச்சிங் பவுடரின் தெளிந்த நீரில் ஊறவைத்துப் பார்க்கலாம். அப்போதும் முழுவதும் போகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வாழைப்பூ ஆயும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதோடு மடியில் ஒரு பழந்துணியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தக் கறைக்கு வெந்நீர் வேண்டவே வேண்டாம். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவது போல இரத்தத்தின் புரதமும் நூலுக்குள் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு போடுங்கள். இதை மாணவிகளிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். மாதவிலக்கு நாள்களில் விடுதிப் பிள்ளைகள் வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. என்சைம் கலந்த சலவைத்தூளில் ஊறவைத்தால் பழைய கறையும் இளகும். ஆனால் பட்டும் கம்பளியும் புரதம்தான். அந்தத் தூள் அவற்றையும் அரித்துவிடும்.

சட்டைப் பையில் கசிந்த பால்பாயிண்ட் பேனா மைக்கு, அடியில் பழந்துணி வைத்து மேலே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் பரவும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்செல்லும் கறைகள் வேறு வகை. வாளியிலும் குழாயிலும் படியும் வெள்ளை உப்புப் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டிவைத்தால் கரைந்துவிடும். துணியில் படியும் துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், அது துருவை இன்னும் அழுத்தமாக்கும். வெள்ளைத் துணியென்றால் எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். சமையல் மேடை கடப்பைக் கல்லாகவோ பளிங்காகவோ இருந்தால், எலுமிச்சையோ வினிகரோ அதன்மேல் படவே கூடாது. அந்தக் கற்களும் கால்சியம் கார்பனேட்தான். உப்பைக் கரைக்கும் அமிலம் கல்லின் மெருகையும் கரைத்துவிடும். கிரானைட் ஓரளவு தாங்கும்.

கடைசியாக, கறையைவிட முக்கியமான ஒன்று. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. விடாப்பிடியான கறை என்று அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களின் நுரையீரலை எரித்த அதே வாயு. சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அமிலப் புட்டி குளியலறையில் இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் பின்கட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் நான் எடுப்பதில்லை. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், மேலே எதையும் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு இரைத்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.