சிவப்புப் பேனாவில் ஒரு அம்பு

எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. முதல் 9 வருஷம் டார்க் ரூமில்தான் கழிந்தது. சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, ஃபிக்ஸர் வாடை. தொட்டியில் கிடக்கிற ஃபிலிம் சுற்றிலும் கறுத்துக்கொண்டே வர, நடுவில் எலும்பு மட்டும் வெளுப்பாக நிற்கும். எத்தனை ஆயிரம் கை கால் பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுத்ததே இல்லை.

போன மாதம் நைட் டியூட்டியில் கேஸ் எதுவும் வராத நேரம். செல்போனில் ஒரு எக்ஸ்ரே படம் கண்ணில் பட்டது. வரிசையாகக் கால்கள், தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்பு. ஏதோ பூச்சி என்றுதான் நினைத்தேன். கீழே படித்தால், ட்ரைலோபைட். ஏறக்குறைய 40 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடிச் சேற்றில் புதைந்துபோன உயிர். அது இருந்த கல்லை உடைக்காமலேயே படம் எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கல் ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில், புண்டன்பாக் என்கிற ஊர்ப் பக்கம் வெட்டியது. சிலேட்டுக் கல். சின்ன வயதில் பலப்பம் வைத்து எழுதினோமே, அந்த இனம். அங்கே அதைத் தகடு தகடாகப் பிளந்து வீட்டுக் கூரைக்குப் போட்டு வந்தார்கள். அப்படிப் பிளக்கும்போதுதான் நட்சத்திர மீனும் கடல் அல்லியும் கடல் சிலந்தியும் கிடைத்திருக்கின்றன. அங்கே கிடைத்த ஒரு விநோதமான கணுக்காலிக்கு 2009இல் ஷிண்டர்ஹன்னஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த மலைகளில் ஒளிந்து திரிந்த ஒரு கொள்ளைக்காரனின் பெயர் அது.

செத்த உயிரின் சதை அழுகிப்போகும், ஓடு மட்டும் மிஞ்சும். அதுதான் வழக்கம். இங்கே மட்டும் காலும் உணர்கொம்பும் எப்படித் தங்கின? அலை எட்டாத ஆழத்தில், சேறு சரிந்து வந்து உயிர்களைச் சட்டென்று மூடியிருக்கிறது. மூச்சுக்காற்று இல்லாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் உடலைத் தின்றபோது ஹைட்ரஜன் சல்பைடு வந்தது. நம் மூக்குக்குத் தெரிந்த அழுகின முட்டை வாடை அதுதான். சேற்றில் இரும்பு நிறைய இருந்தது. இரண்டும் சேர்ந்து பைரைட் ஆகி, உடல் இருந்த இடத்திலேயே படிந்துவிட்டது. பொன் மாதிரி மினுங்கும் கனிமம். அழுகலே உருவத்தைக் காப்பாற்றியிருக்கிறது! இதை மூன்று தடவை திரும்பப் படித்தேன்.

இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எலும்பில் கால்சியம் இருப்பதால் அது கதிரைத் தடுக்கிறது, ஃபிலிமில் வெளுக்கிறது. கால்சியத்தைவிட இரும்பு கனமான தனிமம். சிலேட்டில் பெரும்பாலும் சிலிக்கனும் அலுமினியமும்தான். அவை இரண்டும் கால்சியத்தைவிட லேசு. ஆகவே கல் வழிவிடும், பைரைட் மறிக்கும். நான் தினமும் நோயாளியின் கையில் பார்க்கிறதுதான் அந்தக் கல்லிலும் நடக்கிறது.

ரான்ட்கன் 1895இல் இந்தக் கதிரைக் கண்டுபிடித்ததும் ஜெர்மனியில்தான். 1930களில் லேமன் என்பவர் ஹுன்ஸ்ரூக் கற்களை எக்ஸ்ரே எடுத்தார். அவருக்குப் பிறகு வந்தவர்தான் என் மனதில் உட்கார்ந்துவிட்டார். வில்ஹெல்ம் ஸ்டூர்மர். தொல்லுயிர் ஆய்வு அவருக்குத் தொழில் இல்லை. சீமென்ஸில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் எக்ஸ்ரே கருவியை ஏற்றிக்கொண்டு குவாரி குவாரியாகப் போய்ப் படம் எடுத்திருக்கிறார். எங்கள் மொபைல் யூனிட்டை வார்டுக்கு வார்டு தள்ளிக்கொண்டு போகிறவன் நான். அந்த வேனை என்னால் அப்படியே கண்ணால் பார்க்க முடிகிறது.

1970களில், ட்ரைலோபைட் கண்ணுக்குக் கீழே மெல்லிய நார்கள் ஓடுவதைத் தன் படங்களில் அவர் கண்டார். பார்வை நரம்பு என்றார். நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பு போன்ற மெல்லிய சதையெல்லாம் கல்லில் தங்காது என்று அன்று நம்பினார்கள். 1980களில் அவர் இறந்துபோனார்.

எனக்கும் அப்படி ஒரு அனுபவம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு தச்சரின் மணிக்கட்டுப் படத்தில், ஸ்கேஃபாய்டு என்கிற சின்ன எலும்பின் நடுப்பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு அனுப்பினேன். "படம் எடுக்கிறது உன் வேலை, படிக்கிறது இல்ல" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து அதே தச்சர் வீங்கின கையோடு வந்தார். இந்த முறை கோடு எல்லாருக்கும் தெரிந்தது. படம் எடுக்கிறவனுக்கு அந்த எக்ஸ்போஷரில் எது இயல்பு, எது அல்ல என்று தெரியும். அதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான்.

2021இல் பிரிகிட்டே ஷோனெமான் என்கிற ஜெர்மன் ஆய்வாளரும் குழுவினரும் ஸ்டூர்மரின் பழைய ஃபிலிம்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நெகட்டிவில், கண்ணுக்குக் கீழே இருக்கிற அமைப்பைக் காட்டி, சிவப்பு பால்பாயின்ட் பேனாவால் சின்னதாக ஓர் அம்பு. அவர் போட்டது. சிடி ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, அவர் சொன்னது சரி என்று எழுதினார்கள். அந்த நார்கள் பார்வை நரம்புகள்தான். அதோடு ஃபாகாப்ஸ் வகை ட்ரைலோபைட்டின் ஒரு கண்ணில் சுமார் 200 லென்ஸ். ஒவ்வொரு லென்ஸுக்கும் அடியில் குறைந்தது ஆறு சிறு முகப்புகள் கொண்ட ஒரு குட்டிக் கூட்டுக்கண். கண்ணுக்குள் இருநூறு கண்!

அவர்களுடைய கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விடியற்காலை மூன்றரை மணிக்கு வ்யூ பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டூர்மர் விட்டுப்போன மற்ற ஃபிலிம்களையும் யாராவது இப்படி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் வேறு எங்கெல்லாம் அம்பு போட்டு வைத்திருக்கிறாரோ.