ஃபெல்லோஷிப் பணத்தில் நான் வாங்கியது நேரம்

வகுப்பில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க ஆசிரியர்களுக்குப் பணம் தரும் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று இந்த மாதம் மூன்று பேர் வரைவு அனுப்பியிருந்தார்கள். மூன்றிலுமே செலவுப் பட்டியலின் முதல் வரி டேப்லெட். எதற்கு டேப்லெட் என்று கேட்டால் பதில் தெளிவாக வரவில்லை. புதுமை என்றால் கருவி என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது.

எனக்குக் கிடைத்த வருடம் நான் வாங்கிய ஒரே பொருள் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. மீதிப் பணம் முழுக்க, வாரத்தில் நான்கு பாடவேளை எனக்குப் பதிலாக வகுப்பெடுத்த ஒரு ஆசிரியருக்குப் போனது. அந்த நான்கு பாடவேளையிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து என் வகுப்பின் பதிவை நானே கேட்டேன், பெற்றோரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான்.

நான் தேடியது ஒரே விஷயம். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்? இதை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, "தெரியாது" என்பது குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று 1974இல் எழுதினார். படித்தபோது, நான் அப்படி இல்லை என்றுதான் நினைத்தேன். பதிவைக் கேட்டால், பல இடங்களில் என் கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். அன்று மனசு மிகவும் கஷ்டமாக இருந்தது.

சரி, மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் நின்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், அந்த அமைதி தாங்க முடியாது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், எப்போது கேட்டாலும் "தெரியல" என்று உட்கார்ந்துவிடும் ஒரு பெண், நிழல் ஏன் காலையில் நீளமாக இருக்கிறது என்ற கேள்விக்கு, பாதியில் நிறுத்தி, தானே திருத்தி, நான்கு வாக்கியம் பேசினாள். அந்தப் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய மாற்றம், ஒருவர் பதில் சொல்லி முடித்த பிறகும் நான் உடனே "சரி", "நல்லது" என்று சொல்லாமல் காத்திருந்தபோது வந்தது. இன்னொரு பிள்ளை எழுந்து "அவன் சொன்னதில் ஒன்று இடிக்கிறது" என்றது, என் வழியாகப் போகாமல் அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள்.

வாய்ப்பாடு கேட்கும்போது இது பயன்படவில்லை. ஏழெட்டு எத்தனை என்று கேட்டுவிட்டு அமைதியாக நின்றால் தெரிந்தவனுக்குச் சலிப்பு, தெரியாதவனுக்குப் பயம். யோசிக்க ஏதாவது இருக்கும் கேள்விக்குத்தான் காத்திருப்பு. ஆனால் இதை எழுத, ஃபெல்லோஷிப் தந்தவர்களின் இறுதி அறிக்கைப் படிவத்தில் இடமே இல்லை. எத்தனை மாணவர் பயன்பெற்றனர், எத்தனை பயிற்சி நடத்தினீர்கள், புகைப்படம் இணைக்கவும், அவ்வளவுதான். பலிக்காததைத் தனித் தாளில் எழுதி இணைத்தேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்து வருபவர் அதே தவறைச் செய்யாமல் இருக்க உதவும் பக்கம் அதுதான், அதனால் இன்றும் வருத்தம் உண்டு.

இதெல்லாம் ஆராய்ச்சியா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பி.எட்டில் நாம் செயலாராய்ச்சி என்று ஒரு தாளுக்காகப் படித்து மறந்தது இதுதான். உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் இதைப் பற்றி எழுதியதை 1953இல் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீஃபன் கோரி பள்ளிக்குக் கொண்டுவந்தார், 1975இல் பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆய்வாளர் என்று வாதிட்டார். யாரோ கண்டுபிடித்ததை நாம் வகுப்பில் ஒப்பிப்பதல்ல, நம் வகுப்பை நாமே விசாரிப்பது.

விண்ணப்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் வரும் முன்பே, வகுப்பில் எதையும் மாற்றாமல், நீங்கள் மாற்ற நினைப்பது இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வாரம் அளந்து வையுங்கள். நான் அதைச் செய்திருக்காவிட்டால் கடைசியில் "பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள்" என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். புதிதாக எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் ஆர்வமாகத்தான் இருப்பார்கள்.

அந்த மூவரில் ஒருவர் நேற்று வரைவைத் திருத்தி அனுப்பினார். டேப்லெட் வரி இல்லை. பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளைகள் தொகுதியோடு பகுதியையும் ஏன் கூட்டிவிடுகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்க, வாரத்துக்கு மூன்று பாடவேளை கேட்டிருக்கிறார்.