மாயவரம் வந்து சேர்ந்த ஸ்ட்ராடோஸ்

பதினொன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் காருக்காக 23 நாள் அலைந்தேன். கார் கைக்கு வந்துவிட்டது, ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை. வெளிநாட்டிலிருந்து ஸ்லாட் கார் (தடத்தில் உள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் குட்டி ரேஸ் கார்) வரவழைக்க நினைக்கும் நம் பக்கத்துக்காரர்கள் வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

வண்டி லான்சியா ஸ்ட்ராடோஸ். 1:32 அளவு, அதாவது நிஜ காரில் 32இல் ஒரு பங்கு; அலிடாலியா என்ற இத்தாலிய விமான நிறுவனத்தின் வெள்ளை, பச்சை, சிவப்பு வண்ணம். 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து லான்சியா என்ற இத்தாலிய கார் நிறுவனத்துக்கு உலக ராலி பட்டம் வாங்கித் தந்த வண்டி அது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் செட்டில் பத்து வயதில் ஓட்டத் தொடங்கினேன். மினி கூப்பர் கிடைத்தது, ஆடி குவாட்ரோ கிடைத்தது, ஸ்ட்ராடோஸ் மட்டும் அமையவே இல்லை. இங்கிலாந்தில் ஒருவர் தன்னுடையதை விற்கிறார் என்று தெரிந்ததும் பேசி, பணம் அனுப்பி, அவர் கூரியரில் போட்டதுவரை எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது.

பார்சல் சென்னையில் நின்றுவிட்டது. அனுப்பியவர் படிவத்தில் எழுதியிருந்த வரி இதுதான்: "லான்சியா ஸ்ட்ராடோஸ் ராலி கார், பழையது."

எங்கள் ஊர்க் கூரியர் கிளையில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "சார், பழைய காரு இறக்குமதின்னு போட்டிருக்கு. அதுக்கு லைசென்ஸ் பேப்பரெல்லாம் வேணும்" என்றார்.

"எடை முந்நூறு கிராம்னு அதுலயே போட்டிருக்கு பாருங்க தம்பி. முந்நூறு கிராம்ல நெஜ காரு வருமா?"

"எடையெல்லாம் நாங்க பாக்குறதில்ல சார். தஞ்சாவூர்ல பெரிய ஆபீஸ் இருக்கு, அங்க போய்க் கேளுங்க."

போனேன். குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம், பாபநாசம் என்று நின்று நின்று போகிற பஸ்ஸில், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு. அங்கே முக்கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "இது சென்னையில தீர்க்க வேண்டியது, நேர்ல வந்து பிரயோஜனமில்ல, மெயில் போடுங்க" என்று ஒரு முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மாயவரத்திலேயே கொடுத்திருக்கலாம். கிளை அலுவலகங்களுக்கு நடப்பதில் அர்த்தமே இல்லை. பார்சல் நின்ற அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிடுங்கள்.

மெயில் போட்டதும் அடுத்த சிக்கல், பெயர். விற்பனைத் தளத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது என்பதால் அப்பா பெயரைப் போட்டிருந்தேன். ஆதாரில் எனக்கு வெறும் இனிஷியல்தான். "இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும்" என்று பதில் வந்தது. பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருந்ததால் அது தப்பித்தது. அதற்குப் பிறகு மாவட்டம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல். என் ஆதாரில் அப்போதும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருந்தது. பார்சலில் மயிலாடுதுறை மாவட்டம். தெரு ஒன்று, கதவு எண் ஒன்று, 609001 என்ற பின்கோடும் ஒன்று, ஆனாலும் முகவரி பொருந்தவில்லையாம். மின்சார பில் காலமான அப்பா பெயரில் இருப்பதால் அதையும் காட்ட முடியவில்லை. கடைசியில் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் மேனேஜரிடம் சீல் வாங்கி அனுப்பினேன். நம் மாவட்டத்துக்காரர்கள் ஆதாரில் மாவட்டத்தை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். நானும் இப்போது மாற்றிவிட்டேன்.

இந்த இடத்தில் புதுக் கேள்வி முளைத்தது. கார் இல்லை, பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை எங்கே? 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். இது பெரியவர்கள் சேகரிக்கும் மாடல் என்பதை நான் நிரூபிக்க வேண்டும். விற்றவர் நல்ல மனிதர். காரைப் பெட்டியில் போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருந்த படத்தைக் கேட்ட அன்றிரவே அனுப்பினார். பெட்டியின் பின்பக்கத்தில் "சேகரிப்பாளர்களுக்கான மாடல், குழந்தைகளுக்கு அல்ல" என்று அச்சிட்டிருந்தது அந்தப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அந்த ஒரு படத்தோடு, ஒரு பக்கக் கடிதமும் வைத்தேன். மறுநாள் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினார். "சார், போட்டோ பாத்தோம், இப்ப புரியுது. நாளைக்கு வரி போட்டுடுவாங்க" என்றார். அந்தப் போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வரியும் கிடங்கு வாடகையும் சேர்ந்து காரின் விலையில் பாதியைத் தாண்டியது. கட்டினேன். இதே வாரத்தில் "உங்கள் பார்சலுக்குச் சுங்கவரி பாக்கி" என்று யாரோ ஒரு எஸ்எம்எஸ் லிங்கும் அனுப்பினார்கள். பார்சல் எண் அதில் இல்லை. அவசரத்தில் அமுக்கப் போனவனை மகள்தான் தடுத்தாள். பார்சல் எண்ணை வைத்து நீங்களே கூரியர் தளத்துக்குள் போய்க் கட்டுங்கள்.

பெட்டியைப் பிரித்தபோது மூக்கில் வரிசையாக நிற்கும் நான்கு விளக்குகளில் ஒன்று கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. ஃபெவிக்விக் மாதிரிப் பசையைத் தொடவே கூடாது, அதன் ஆவி பட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். சாதாரண ஃபெவிகால் ஒரு துளி, குண்டூசி முனையில் எடுத்து வைத்தேன். காய்ந்ததும் தடம் தெரியவில்லை. தடத்திலிருந்து மின்சாரம் எடுக்க அடியில் இருக்கும் செம்புப் பின்னல் இரண்டும் நசுங்கியிருந்தன, அவற்றைப் பல் குத்தும் குச்சியால் விரித்துவிட்டேன்.

கூடத்தில் கார் ஓடும் தடத்தைப் பூட்டினால் அதன் இரும்புப் பட்டைகளில் துரு. ஐப்பசி மழையில் நம்மூர் ஈரத்துக்கு எந்த இரும்பும் தாங்காது. பென்சில் அழிப்பானால் ஒவ்வொரு துண்டாகத் தேய்த்து முடிக்க ராத்திரி பத்தரை. வண்டியைத் தடத்தோடு இழுத்துப் பிடிக்க அடியில் இருந்த காந்தத்தைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். முதல் வளைவிலேயே பின்பக்கம் வீசிச் சுழன்று நின்றது. நிஜ ஸ்ட்ராடோஸும் அப்படித்தான், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,180 மில்லிமீட்டர்தான், அந்தக் குறுகிய இடைவெளியால் சட்டென்று சுழன்றுவிடும். நாலாவது சுற்றில்தான் வண்டி என் கைக்குப் பழகியது.

அடுத்து ஆல்பைன் ஏ110 என்ற இன்னொரு ராலி வண்டியின் மாடலுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். விலை கேட்பதற்கு முன்பே படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று அனுப்பிவிட்டேன்: "1:32 பிளாஸ்டிக் மாடல், பெரியவர்கள் சேகரிப்புக்கு, எடை 300 கிராம்." கார் என்ற சொல் அதில் இல்லை.